நாற்பதில் பதினேழு

நாற்பத்தாறு வயது வரைக்கும் பெரியவளுக்குப் பொறாமை என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. பிறருக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறாள். "ஐயோ பாவம், வயித்தெரிச்சல் புடிச்சவங்க" என்று உச்சுக்கொட்டியிருக்கிறாள். தன்னையே வந்து பிடித்தபோது, இது என்ன வியாதி என்று கண்டுபிடிக்க அவளுக்கு நாலு மாதம் ஆயிற்று.

அவள் வேலை பார்த்தது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகம் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்தில். கீழே டயர் கடை. மேலே இரண்டு அறை, ஒரு வராண்டா. மாடிப்படி ஏறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். பத்து நாள் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியாது. பதினெட்டு வருஷம் பார்த்தவளுக்கு வீட்டில் அது இல்லாததுதான் தெரியும்.

அங்கே ஒவ்வொரு பாடமும் ஒருவர் கையில். பாடத் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதியவர் பெயர் இருக்கும். வினையின் காலங்களை எழுதுகிறவருக்குக் காலத்துக்காரர் என்று பெயர். அந்த மனிதர் ஒரு நாளாவது காலத்தோடு வேலைக்கு வந்ததில்லை. துணைவினைகள் பெரியவளுடையது. அதனால் ஆபீஸில் அவள் துணைவினை அக்கா. "தனியா ஒரு வேலையும் செய்யாது, இன்னொருத்தரோட ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும், அதானே துணைவினை?" என்று அவள் புருஷன் கேலி செய்வான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் தூக்கி நிறுத்துவான்; வீட்டில் ஒரு பல்பு மாற்ற மூன்று வாரம் ஆகும்.

துணைவினைகளில் பீ, டூ, ஹேவ் மூன்றும் சாதுக்கள். அடுத்து வருகிற கூட்டம்தான் வில்லங்கம்: கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட். வாக்கியத்தில் ஒரு கோடிட்ட இடத்தை விட்டால், அந்த ஒரு நாற்காலிக்கு நாலு பேர் முட்டி மோதுவார்கள். 'மழை வர____' என்று விட்டால் வரலாம், வரக்கூடும், வர வேண்டும் என்று எல்லாம்தான் உட்காரும். பிள்ளை ஒன்றை எழுதுவான், வாத்தியார் இன்னொன்றைச் சரி என்பார், அப்பன்காரன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டைக்கு வருவான்.

அதற்காகவே முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். போட்டுப் பார்ப்பது என்று அதற்குப் பெயர். கேள்வி எழுதியவர் விடைத்தாளைத் தனியாக உறையில் போட்டு முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். ஆபீஸிலேயே வேறொருவர் விடையைப் பார்க்காமல், பிள்ளைகளைப் போல உட்கார்ந்து பென்சிலால் போட்டுப் பார்ப்பார். அப்புறம் இரண்டையும் ஒப்பிடுவார்கள். விடை எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிவப்புக் கோடு, கேள்வி வெட்டு. எழுதியவர் வாதாடக் கூடாது. வாதாடித்தான் புரியவைக்க வேண்டுமென்றால் அந்தக் கேள்வி பிள்ளை கைக்கே போக வேண்டாம் என்பது முதலாளியின் சட்டம்.

பதினெட்டு வருஷத்தில் பெரியவளுக்கு விழுந்த வெட்டு மொத்தமே பதினொன்று. வேண்டாத சொற்கள் உள்ளே வராதபடி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கதவு கதவாக அடைப்பாள். ஒரு அறிவிப்புப் பலகையைக் கொண்டுவந்து மாட்டுவாள். ஒரு தேதியைச் சேர்ப்பாள். யாருக்காவது காய்ச்சல் வரவழைப்பாள். கடைசியில் ஒரே ஒரு சொல்தான் உள்ளே நுழைய முடியும். காலத்துக்காரர்கூட, "மேடம் எழுதினா கொசு போறதுக்கு வழி இருக்காது" என்பார். அதைக் கேட்ட நாளில் பெரியவள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கை வீசி நடந்து வீட்டுக்குப் போவாள்.

ஒரு குறை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆங்கிலம் அவள் கையில் இருந்தது, வாயில் இல்லை. தபால்வழியில் படித்தவள். அடுப்படியில் உட்கார்ந்து, குழம்பு கொதிக்கக் கொதிக்க, இலக்கண நூல்களை வரி வரியாக விழுங்கினவள். தவறு இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பாள். ஆனால் போனில் யாராவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், அந்த ஆறு சொற்களும் அவள் முன்னால் வரிசையாக நின்று 'எங்களில் யார் வேண்டும்?' என்று கேட்கும். அவள் யோசித்து ஒருவரைப் பிடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிடுவார். அதனால் ஆங்கில அழைப்பு என்றால், "தொண்டை கட்டியிருக்கு, நீங்க பேசுங்களேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவாள். பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி; கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு. கீழே பெரியவள் குடும்பம், மாடியில் சின்னவள் குடும்பம். சின்னவள் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபோது வேலை போயிற்று. பகலெல்லாம் மாடி வராண்டாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க மனசு கேட்காமல், பெரியவள்தான் முதலாளியிடம் பேசி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நம்ம வீட்டுப் பிள்ளை என்று நாற்காலி மேஜைகூடத் தன் பக்கத்திலேயே போடச் சொன்னாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

முதல் மாதம் பெருமையாக இருந்தது. இரண்டாவது மாதம் தொல்லை ஆரம்பித்தது.

முதலில் போன். ஆங்கிலத்தில் ஒரு அழைப்பு வந்தது. பெரியவள் வழக்கம்போலத் தொண்டையைத் தடவினாள். சின்னவள் எட்டி வாங்கினாள். அப்புறம் அந்தம்மாள் பேசிய பேச்சு இருக்கிறதே! சிரிக்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், கறாராகப் பேசுகிறாள், மறுபடி சிரிக்கிறாள். எல்லாம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. நடுவில் இரண்டு பிழைகள் விட்டதைப் பெரியவள் குறித்துக்கொண்டாள். எதிர்முனைக்காரருக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. பிழையோடும் ஒருத்தியால் இத்தனை சந்தோஷமாகப் பேச முடிகிறதே என்பதுதான் பெரியவளுக்கு முள்ளாகக் குத்தியது.

அடுத்தது வாக்கியங்கள். சின்னவளுக்கு முதலில் கொடுத்தது ஒரு சில்லறைப் பாடம். அதை டைப் அடிக்கும்போது, எப்போதும் உம்மென்று இருக்கும் டைப் அடிப்பவர் வாய்விட்டுச் சிரித்தார். பெரியவள் எழுதிய எதற்கும் அவர் சிரித்ததில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. 'பிள்ளைகள் விதிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும்', 'நாம் கொதிக்கவைத்த நீரையே பருக வேண்டும்' என்ற ரகம். சின்னவள் எழுதினால் அதில் ஆள் இருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடும் தலைமையாசிரியர் இருந்தார். வாடகைக்காரரைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளியும் வீட்டுக்காரர் இருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் பெரியவளின் புருஷன் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். 'எங்கள் லிஃப்ட் மெக்கானிக் இருபது மாடிக் கட்டிடத்தின் லிஃப்டைச் சரிசெய்ய____. ஆனால் அவர் வீட்டில் பல்பு எரிவதில்லை' என்று இருந்தது.

"ஏய், இங்க வா. உன் ஓரகத்தி என்னையே பாடத்துல போட்டுட்டா" என்றான்.

"ரொம்பத்தான்" என்றாள் பெரியவள்.

"பதினெட்டு வருஷமா எழுதறியே, ஒரு தடவையாவது என்னைப் போட்டிருக்கியா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினாள். இது வெறும் சலிப்பு இல்லை, அசல் பொறாமை என்று அவளுக்குத் தெரிந்தது அப்போதுதான். தெரிந்ததால் குறையவில்லை. பெயர் வைத்த பிறகு அது இன்னும் சொகுசாக உட்கார்ந்துகொண்டது.

புதுப் பதிப்பு வேலை தொடங்கியபோது முதலாளி இருவரையும் கூப்பிட்டார். கடைக்காரர்கள் குறைப்படுகிறார்களாம், அப்பன் படித்த வாக்கியத்தையே பிள்ளையும் படிக்கிறானாம். "துணைவினைப் பாடத்தைப் புதுசாப் பண்ணணும். ரெண்டு பேரும் ஆளுக்கு நாப்பது கேள்வி எழுதுங்க. உங்களுது அவங்க போட்டுப் பாக்கட்டும், அவங்களுது நீங்க போட்டுப் பாருங்க. யாருக்கு வெட்டு கம்மியோ பாடம் அவங்களுக்கு" என்றார்.

"அதுக்கென்ன சார், நல்லதுதானே" என்றாள் பெரியவள். பாடம் போய்விட்டால் அவள் பெயரும் போகும், துணைவினை அக்காவும் போவாள். அப்புறம் ஆபீஸில் அவள் யார்? வீட்டில் வேண்டுமானால் பெரியவள். அதுகூட மூத்த பிள்ளையைக் கட்டிக்கொண்டதால் வந்த பெயர். அவள் சம்பாதித்தது இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியான நேரம், உள் அறையில் சின்னவளின் நாற்பது கேள்விகளோடு அவள் உட்கார்ந்தாள். கையில் பென்சில். வெளியே டயர் கடையில் யாரோ சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் கேள்வியிலேயே அவளுக்குப் பகீரென்றது. பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு வாசலில் கிடக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, அவர் கட்டைக் குரலில் பாடுவதும் கேட்கிறது. அவர் வீட்டில் இருக்க____. மஸ்ட்தான். வேறெதற்கும் இடமில்லை. கதவு கதவாக அடைத்திருந்தாள். சிரிப்பும் இருந்தது, ஒழுங்கும் இருந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி நாலு மணிக்கு வந்த குழாய் ரிப்பேர்காரர்; 'ஷுட் ஹேவ்', மறுபேச்சில்லை. நாற்பதையும் மனசிலேயே போட்டு முடித்தாள். ஒன்றுகூட நழுவவில்லை. ஒரு ஓட்டையாவது கிடைக்காதா என்று இரண்டாம் தடவை தேடினாள். கிடைக்கவில்லை.

பென்சில் இன்னும் தாளைத் தொடவில்லை. விதியில் ஒரு சந்து இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போட்டுப் பார்ப்பவர் வேண்டுமென்றே தப்பாகப் போட்டால் கேள்வி வெட்டு. இத்தனை வருஷம் யாரும் செய்ததில்லை. செய்ய அவசியம் இருந்ததில்லை. அவள் முதல் கோட்டில் 'மே' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தாள். பார்வைக்குப் பழுதில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று பொருள் வரும். அத்தனை சாட்சியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறவள் மடச்சி. ஆனால் துணைவினை அக்காவை யார் மடச்சி என்று சொல்லப்போகிறார்கள்? இரண்டை நியாயமாகப் போட்டாள். அடுத்ததை மாற்றினாள். குழாய்க்காரருக்கு 'மைட் ஹேவ்' கொடுத்தாள். கை நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளை அதிகம் பயமுறுத்தியது. புருஷன் படித்துச் சிரித்த லிஃப்ட் மெக்கானிக் இந்த நாற்பதிலும் இருந்தான்; அவனிடம் வந்தபோது ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு அவனையும் விடவில்லை.

மொத்தம் பதினேழு. நாற்பதையும் கெடுத்தால் சந்தேகம் வரும் என்ற கணக்கு அவளுக்கு இருந்தது.

மறுநாள் முதலாளி இரண்டு கட்டையும் ஒப்பிட்டார். பெரியவளின் நாற்பதில் ஒரு வெட்டும் இல்லை. சின்னவள் நாற்பதையும் சரியாகப் போட்டிருந்தாள். சின்னவளின் நாற்பதில் பதினேழு பிசகியிருந்தது. சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. வாதாடக் கூடாது என்பதால் வாதாடவும் இல்லை. 

முதலாளி சிவப்புப் பென்சிலை எடுத்தார்; எடுத்துவிட்டு யோசித்தார். "ஸ்கூல்ல வாயால சொல்லிக்குடுத்தவங்க பாருங்க, பேச்சு நல்லா வரும், இலக்கணம் ஆட்டம் காணும். ஆனா இந்த வாக்கியத்தை வெட்ட மனசு வரல. ஒண்ணு பண்ணலாம். பாடம் துணைவினை அக்கா பேர்லயே இருக்கட்டும். வாக்கியம் இவங்களுது, விடை உங்களுது. உங்க விடைன்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

நாற்பது வாக்கியமும், பாடமும், பெயரும் பெரியவளுக்கே. முதலாளியே எல்லோருக்கும் டீ வரவழைத்தார். அந்த டீயைக் குடிக்கும்போது பெரியவளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டு நாள் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். தன் பெயரில் அச்சாகப்போகிற பதினேழு பொய்யை நினைத்து அவ்வப்போது முதுகில் ஏதோ ஊர்ந்தது. தட்டிவிட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சின்னவள் ஒரு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, கோவிச்சுக்காம சொல்லுங்க. இந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் மே? நான் மஸ்ட்னு நெனச்சேன்."

பெரியவள் ஏதாவது சொல்லியாக வேண்டும். "செருப்பு, விளக்கு, பாட்டு எல்லாம் சரி. ஆளைக் கண்ணால பாத்தியா? பாக்காத வரைக்கும் மஸ்ட் போடக் கூடாது."

ஆளைப் பார்த்துவிட்டால் அப்புறம் ஊகம் எதற்கு என்று சின்னவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. "ஓ" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். பதினேழுக்கும் பதினேழு காரணம் கேட்டாள். பெரியவள் பதினேழு விதிகளை அந்த இடத்திலேயே உட்கார்ந்து உற்பத்தி செய்தாள். சில நன்றாகவே அமைந்துவிட்டன. எந்த இலக்கணத்திலும் இல்லாத அந்த விதிகளைச் சின்னவள் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, கீழே சிவப்பு மையால் கோடு போட்டாள்.

ஒரு வாரம் போயிற்று. ஒரு காலை நேரம் போன் அடித்தது. வெளியூர்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர், ஆங்கிலத்தில். பழக்கம்போலச் சின்னவள் எடுத்தாள். சரக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"யூ மஸ்ட்... நோ, யூ மே... சாரி, இட் மைட்..."

நின்றுவிட்டாள். கடைக்காரர் ஏதோ கேட்டார். அவள் மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றாள். காது மடல் சிவந்தது. போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, இங்க எது வரும்?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள், சின்னவள் போனைக் காலத்துக்காரரிடம் நீட்டினாள். "நீங்க பேசுங்க சார். எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றாள்.

சின்னவளின் குழாயை யாரோ மூடிவிட்டார்கள். பெரியவள் நாலு மாதமாக இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். நடந்துவிட்டது, பார்க்க முடியவில்லை. அந்த ஆறு சொற்களும் வரிசையாக நின்று முறைப்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டிடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பேசத் தெரிந்த ஒருத்தியைத் தன்னைப் போல ஆக்கிவிட்டாள். அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. எழுந்தாள், நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பதினேழும் தப்பு. அவ எழுதினதுதான் சரி. நான் வேணும்னே மாத்திப் போட்டேன்."

முதலாளி நிமிர்ந்தார். "வேணும்னேன்னா?"

"தெரிஞ்சே. வெட்டு விழணும்னு."

"ஏன்?"

"பொறாமை சார்."

அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றிச் சொன்னாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, எங்க வீட்டுலயும் ரெண்டு மருமகளுங்க இருக்காங்க. ஒருத்தி சமைச்சா இன்னொருத்தி சாப்பிட மாட்டா. நீங்க என்னடான்னா, ஓரகத்திக்குப் பாடம் கிடைக்கணும்னு உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா?"

"சார், நான் சொல்றது நிஜம்."

"போங்கம்மா. பதினெட்டு வருஷமா உங்களைப் பாக்கறேன். உங்களுக்குப் பொறாமைன்னா நான் நம்பணுமா? விடை அப்படியே இருக்கட்டும்."

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பொய் சொன்னபோது நம்பினார்கள். நிஜத்தைச் சொன்னால் பெருந்தன்மை என்கிறார்கள். விடை அப்படியே அச்சுக்குப் போகும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். சின்னவளும் அந்த நோட்டை மனப்பாடம் செய்துகொண்டேயிருப்பாள். 

"மூணாவது ஆள் ஒருத்தரைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசுங்க. அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

காலத்துக்காரரைக் கூப்பிட்டு, பதினேழு கேள்வியையும் வெறும் தாளில் கொடுத்து உள் அறையில் உட்காரவைத்தார்கள். அரைமணி நேரத்தில் முடித்துக்கொண்டு வந்தார். அவர் சொன்ன நேரத்துக்கு முடித்த முதல் வேலை அதுதான். பதினேழும் சின்னவளின் விடையோடு அச்சு அசலாகப் பொருந்தின.

சட்டம் சட்டம்தான். விடைகள் திருத்தப்பட்டன. பாடம் சின்னவளுக்குப் போயிற்று. தலைப்புக்குக் கீழே பெயர் மாறியது. பெரியவளுக்கு நிறுத்தக்குறிகள் பாடம் வந்தது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி.

கொடுமை என்னவென்றால், அதற்குப் பிறகும் ஒருவரும் அவளைத் திட்டவில்லை. ஏதோ அசதியில் மாறிப்போன விடைகளுக்கு, ஓரகத்திக்காகப் பொறாமைக்காரி என்ற பழியையும் ஏற்றுக்கொண்டு, தன் பாடத்தையும் விட்டுக்கொடுத்தவள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. டைப் அடிப்பவர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். சேதி வீட்டுக்கும் வந்தது. கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, எங்க அம்மா இருந்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றான். பெரியவள் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னங்க, எனக்கு அவமேல நெஜமாவே பொறாமை. அதனாலதான் அப்படிப் பண்ணேன்" என்றாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நீயா? உனக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியாதேடி" என்றான். மூன்று நாள் இப்படி. யாருக்கோ தைத்த சட்டையை அவளுக்கு மாட்டி, அழகாயிருக்கிறது, அழகாயிருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவளால் மூச்சுவிட முடியவில்லை. சின்னவள் மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் பெரியவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சின்னவள் வாளியோடு வந்தாள். கொடியின் இன்னொரு முனையில் நின்று இரண்டு துணியை உதறிப் போட்டாள். பிறகு, பெரியவளைப் பார்க்காமலேயே பேசினாள்.

"பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பொறாமை. அதானே?"

பெரியவளின் கையிலிருந்த துணி நழுவியது. "ஆமா" என்றாள்.

"மூணு நாளா எல்லாரும் கேக்கறாங்க, அக்காவுக்கு நன்றி சொன்னியா, நன்றி சொன்னியான்னு. எங்க வீட்டுக்காரரும்தான். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதே."

"அந்த நாப்பதையும் நான் எப்படி எழுதினேன் தெரியுமா? அக்கா எப்படி அடைப்பாங்க, எப்படி அடைப்பாங்கன்னு உங்க பழைய பாடத்தையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு எழுதினேன். அதுல நீங்க தப்பாப் போடவே முடியாது. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் உங்களைச் சந்தேகப்படத் தோணல. என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டேன். இன்னும் வாயைத் தொறந்தா வார்த்தை சிக்குது."

பெரியவளுக்கு மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அந்த நேரத்தில் அது மிகவும் மலிவாகத் தெரிந்தது, அப்படியே விட்டுவிட்டாள்.

"இன்னமும் இருக்கா?" என்றாள் சின்னவள்.

"என்ன?"

"பொறாமை."

பொய் சொல்ல அது நல்ல சமயம். போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் இருவருக்கும் சுலபமாக இருந்திருக்கும். பெரியவள் கீழே விழுந்த துணியை எடுத்து உதறினாள்.

"இருக்கு. முன்னைவிட ஜாஸ்தியாவே இருக்கு. எத்தனை பேர்கிட்ட சொல்லிப் பாத்துட்டேன், ஒருத்தரும் நம்பல. அதையும் நீதான் கண்டுபிடிச்சிருக்கே."

சின்னவள் சிரிக்கவில்லை. முறைக்கவுமில்லை. முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "இப்ப சொன்னீங்களே, இது போதும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

பெரியவள் கொடிக்குக் கீழேயே உட்கார்ந்தாள். மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது.